குழாய்க்குள் இறங்கும் சர்க்கரை, ஏறும் ஹோமோசிஸ்டீன்: பக்கவாத அபாயத்தை ரத்தத்தில் படிப்பது

பக்கவாதத்தில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வருபவை. அந்த அடைப்பு பல வருஷங்களாக உருவாகிறது. கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்தம் சுழித்து ஓடுகிறது, அங்கே எல்.டி.எல். கொழுப்புத் துகள்கள் உட்சுவருக்குள் நுழைகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் பெருத்து, அங்கேயே மடிந்து படிகின்றன. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிந்தால் அதன்மேல் ரத்தம் உறைகிறது; உறைந்த கட்டி பிய்ந்து மூளைக்கு ஏறுகிறது. கூடுதல் சர்க்கரை மூளையின் ஆழத்திலுள்ள மெல்லிய தமனிகளைத் தடிக்கவைக்கிறது. ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலமான ஹோமோசிஸ்டீன் கூடினால், குழாயின் உள்ளுறையைப் புண்ணாக்குகிறது.

இந்த மூன்றையும் ரத்தத்தில் அளக்கலாம். ஆனால் எண் சரியாக வர, ரத்தம் எடுத்த விதமும் சரியாக இருக்க வேண்டும்.

நெல்லிக்குப்பத்தில் காலை 6 மணிக்கு ஒரு வீட்டில் எடுத்த ரத்தம், இன்னும் நாலு வீடு சுற்றிவிட்டு 9 மணிக்குக் கடலூர் லேபுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயில் உள்ள சிவப்பணுக்கள் அப்போதும் உயிரோடுதான் இருக்கின்றன. சுற்றியுள்ள சர்க்கரையைத் தின்கின்றன. ஹோமோசிஸ்டீனை வெளியே தள்ளுகின்றன. மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. வெறும் வயிற்றில் 126 இருந்தால் சர்க்கரை நோய் என்று கணக்கு. அதே ரத்தம் மூன்று மணி நேரத்தில் 105 வாக்கில் வந்து நிற்கும். ஹோமோசிஸ்டீனோ மணிக்குப் பத்து சதவீதம் அளவில் ஏறி, 15 என்ற வரம்புக்குள் இருந்த ஒருவரை அதைத் தாண்டியவராகக் காட்டும். சர்க்கரைக்கு ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். அந்த ஃபுளோரைடும் முழுதாக வேலைசெய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்தவுடன் ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் சுழற்றி, அணுக்களிலிருந்து பிளாஸ்மா என்ற தெளிந்த நீரைப் பிரிக்க வேண்டும். "ஐஸ் பெட்டி இருக்கா?" என்று ரத்தம் எடுக்க வருபவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி-க்கு இந்தத் தொல்லை இல்லை; 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அது கூடிக் காட்டும், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்காமல் இதை நம்பக் கூடாது.

எல்.டி.எல். பல லேபுகளில் நேராக அளக்கப்படுவதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். மொத்தம் 200, எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 150 என்றால் எல்.டி.எல். 130. முந்தின ராத்திரி மது, பிரியாணி என்று போய் டிரைகிளிசரைடு 300 ஆனால், அதே கணக்கு 100 என்று சொல்லும்! சாப்பாட்டால் அபாயம் குறைந்ததுபோலத் தெரிவது இப்படித்தான். 400-க்கு மேல் இந்தக் கணக்கே செல்லாது; நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். தமனிப் படிவால் ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழ் இருக்க வேண்டும்.

ஆய்வுகளில் இப்போது அதிகம் பேசப்படுவது டிரைகிளிசரைடு–சர்க்கரைக் குறியீடு. இரண்டையும் பெருக்கி, இரண்டால் வகுத்து, இயற்கை மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுப்பது. 200-ம் 120-ம் என்றால் 9.39, 100-ம் 90-ம் என்றால் 8.41. இன்சுலினுக்கு உடல் மசியாததை இது காட்டுகிறது. இதை வைத்து மாத்திரை எழுதும் நிலை வரவில்லை.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களும் சுத்த சைவர்களும் வைட்டமின் பி12 பார்த்துக்கொள்வது நல்லது; அது குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். சீனாவில் 20,000-க்கு மேற்பட்ட ரத்த அழுத்தக்காரர்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், அழுத்த மாத்திரையோடு, ஹோமோசிஸ்டீனைக் குறைக்கும் ஃபோலிக் அமிலமும் சேர்த்தபோது முதல் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே உணவில் அந்த ஃபோலிக் அமிலச் சத்து (ஃபோலேட்) குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் இந்த ரிப்போர்ட் எதையும் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்; கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனோடு, எல்லாருக்கும் ஊசிக்கு முன் பார்த்தே ஆகவேண்டிய ரத்தச் சோதனை விரல் நுனிச் சர்க்கரை ஒன்றுதான். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் ஒரு பக்கம் கை கால் விழும். அது பக்கவாதமல்ல, குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்துவிடுவார்.