வசனத்தில் இல்லாத விமானம்

1999இல் எனக்குப் பத்து வயது. காரைக்குடி கழனிவாசலில் எங்கள் வீடு. ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சிறு தீயில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. முந்தின வாரம்தான் சபை கன்வென்ஷன் கூட்டத்தில், இயேசு இரகசியமாக வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார் என்னும் ‘இரகசிய வருகை’ பற்றிய பிரசங்கம் கேட்டிருந்தேன். வருகை நடந்துவிட்டது, அம்மாவை ஆண்டவர் எடுத்துக்கொண்டார், என்னை விட்டுவிட்டார் என்று உடம்பு நடுங்கியது. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஓடினேன். ஆச்சி முகப்பில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தும் பயம் போகவில்லை. ஆச்சி கிறிஸ்தவர் இல்லை, அவரும் விடப்பட்டவர்தானே என்றுதான் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் இரண்டாங்கட்டிலிருந்து மனகோலம் பிழிந்த மாவுக் கையோடு அம்மா எழுந்து வந்தார். ஆச்சிக்கு ஒத்தாசையாகப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அன்று என் மனத்தில் ஓடிய காட்சியை இப்போதும் சொல்ல முடியும். நள்ளிரவில் பறக்கும் விமானம். பயணிகள் பாதிப்பேர் இல்லை. அவர்களுடைய துணிமணிகள் மட்டும் இருக்கைகளில் கிடக்கின்றன. இது வேதாகம வசனத்தில் இருக்கிறது என்றே நினைத்து வளர்ந்தேன். 2008இல் கல்லூரி விடுதியில் ஒரு தோழியின் ஆங்கில நாவலைப் பிரித்தபோது முதல் அத்தியாயத்திலேயே அந்த விமானம் இருந்தது.

‘லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற தொடரின் முதல் நாவல் அது. டிம் லஹேய், ஜெர்ரி ஜென்கின்ஸ் இருவரும் சேர்ந்து எழுதி 1995இல் வெளிவந்தது. 2007 வரை மொத்தம் 16 நாவல்கள், 6 கோடிக்கும் மேல் பிரதிகள். கன்வென்ஷன் பிரசங்கியார் அந்தக் காட்சியைச் சொன்னபோது அது நாவல் என்று சொன்னாரா, இல்லையா? எனக்கு நினைவில்லை. காட்சி அப்படியே இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அழிந்துபோயிருக்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் உளவியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

எங்கள் ஊர்ப் பேரேட்டை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார் பேரேட்டில், வந்த தொகைக்குப் பக்கத்தில் யார் பேரில் வந்தது என்பதும் இருக்கும். பேர் இல்லாத வரவை வைத்து ஐந்தொகை எடுக்க முடியாது. நம் மனம் எழுதும் கணக்கு அப்படியில்லை. தொகையும் பேரும் தனித்தனியாகப் பதிகின்றன, அதில் பேர் முதலில் மங்குகிறது. ‘ஒரு விமானம், காலியான இருக்கைகள்’ என்பது தொகை. ‘நாவலில் படித்தது’, ‘பாஸ்டர் சொன்னது’, ‘வசனத்தில் உள்ளது’ என்பதெல்லாம் பேர். பேர் போன பிறகு, எந்தக் கணக்கில் சேர்த்தால் இயல்பாகப் பொருந்துமோ அதில் மனமே எழுதிக்கொள்கிறது. நிறம், சத்தம், பயம் எல்லாம் சேர்ந்த காட்சியாக இருந்துவிட்டால், கண்ணால் கண்டதைப் போன்ற உறுதியும் அதற்கு வந்துவிடுகிறது.

சரி, படிக்கும்போதே ‘இது கதைதானே’ என்று தெரியுமே, அந்த எச்சரிக்கை ஏன் காப்பாற்றவில்லை? 2000இல் மெலனி கிரீன், திமோதி பிராக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கொலைக் கதையை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். சிலரிடம் இது உண்மைச் சம்பவம் என்றார்கள், சிலரிடம் புனைவு என்றார்கள். அந்த அடையாளம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. கதைக்குள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதுதான் உண்டாக்கியது. ஆழமாகப் போனவர்களின் கருத்துகள் கதையோடு ஒட்டி நகர்ந்தன. கதையில் பொய்யாகத் தோன்றும் இடங்களைக் குறிக்கச் சொன்னபோது அவர்கள் குறைவாகவே குறித்தார்கள். கதாபாத்திரத்தோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் மனத்துக்கு நின்று வாதாட நேரம் இல்லை. அதனால்தான் பரபரப்பு நாவலின் வேகம் வெறும் சுவைக்கான விஷயமாக எனக்குத் தெரியவில்லை. அந்த வேகமே நம்பவைக்கிறது.

என்னை அதிகம் உலுக்கியது எலிசபெத் மார்ஷும் அவருடைய சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. பொது அறிவுத் தகவல்களைச் சிறுகதைகளுக்குள் செருகிப் படிக்கவைத்தார்கள். சில தகவல்கள் வேண்டுமென்றே தவறானவை. அப்புறம் வைத்த தேர்வில் பலர் கதையில் படித்த தவறையே விடையாக எழுதினார்கள். அதோடு, ‘இது எனக்கு முன்பே தெரியும்’ என்றும் பலர் நம்பினார்கள். நாள் போனால் தெளிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆப்பெல், ரிக்டர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கதையின் தாக்கம் இரண்டு வாரம் கழித்துக் கூடியிருந்தது.

நம்பிக்கை குறைந்தவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று யாரும் எண்ண வேண்டாம். 1939இலிருந்து கம்பன் கழகம் நடக்கும் ஊர் எங்களுடையது. கம்பன் விழாக் கேட்டு வளர்ந்தவர்களிடமே கேட்டுப் பாருங்கள், சீதைக்கு லட்சுமணன் கோடு போட்டதை மறுக்காமல் சொல்வார்கள். வால்மீகியிலும் அந்தக் கோடு இல்லை, கம்பனிலும் இல்லை. பின்னால் வந்த கதைகளும் தொலைக்காட்சியும் போட்ட கோடு அது.

வேதாகமத்தில் என்னதான் இருக்கிறது? பவுல் எழுதிய 1 தெசலோனிக்கேயர் நிருபத்தின் 4:17இல், மேகங்கள்மேல் ‘எடுத்துக்கொள்ளப்பட்டு’ என்று இருக்கிறது. அதைத் தனியான, இரகசியமான நிகழ்ச்சியாகவும், உலக முடிவுக்கு முன் வரும் ஏழு ஆண்டு உபத்திரவ காலத்துக்கு, அதாவது பெருந்துன்பக் காலத்துக்கு, முன் நடப்பதாகவும் வரிசைப்படுத்தி 1830களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் அந்த விளக்கத்தை உலகெங்கும் கொண்டுபோனது. அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மேலே வசனம், அதே பக்கத்தின் அடியில் விளக்கக் குறிப்பு. எது வசனம், எது குறிப்பு என்ற பேர் அங்கேயே மங்கத் தொடங்குகிறது. நாவல் வந்தபோது பாதை போட்டுத் தயாராக இருந்தது. டார்பியின் விளக்கம் சரியா தவறா என்று சபைகள் வாதிடட்டும். வாதிடுவதற்கு முதலில் அது விளக்கம் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

எதிர்த்திசையிலும் இதே வேலை நடக்கிறது. டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ 2003இல் வந்தது. 2006இல் அதன் திரைப்படத்தைத் தமிழக அரசு தடை செய்தது, சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்த நாவலால், 325இல் கூடிய நிசேயா சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம்தான் இயேசுவைச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தெய்வமாக்கியது என்று நம்பியவர்கள் ஏராளம். உண்மையில் சங்கத்தின் முடிவை ஏற்காமல் கடைசிவரை நின்ற ஆயர்கள், இயேசு பிதாவுக்குச் சமமானவர் இல்லை என்ற ஆரியஸ் பக்கம் இருந்த இரண்டே பேர். ஒரு நாவல் விசுவாசத்தை இறுக்கியது, இன்னொன்று ஆட்டியது. இரண்டும் நுழைந்த வாசல் ஒன்று.

2021இல் தேவகோட்டையில் என் பெரியம்மா தடுப்பூசியை மூன்று மாதம் தள்ளிப்போட்டார். ஊசிக்குள் சிப் இருக்கிறது, அதுதான் வேதாகமம் எச்சரிக்கும் மிருகத்தின் 666 முத்திரை என்றார். வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தை அவர் பார்க்காமல் சொல்வார். அங்கே வலதுகையிலாவது நெற்றியிலாவது என்றுதான் இருக்கிறது, சிப் இல்லை. ‘லெஃப்ட் பிஹைண்ட்’ தொடரில் இருக்கிறது. பெரியம்மா அதைப் படித்ததே இல்லை. பிரசங்கம், வாட்ஸ்அப் என்று பேர் மாறிமாறி அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வசனம் மனப்பாடமாக இருந்தும் எப்படி ஏமாந்தார் என்று அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2015இல் லிசா ஃபாசியோவும் மார்ஷும் மற்றவர்களும் காட்டியது இதைத்தான். திரும்பத் திரும்பக் காதில் விழும் தவறான கூற்று, சரியான விடை தெரிந்தவர்களுக்குக்கூட உண்மைபோலத் தோன்றத் தொடங்குகிறது.

போன மாதம் என் மகள் கேட்டாள்: “அம்மா, வருகையில நம்ம துணியெல்லாம் இங்கேயே கெடக்குமா?” அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேதாகமத்தை எடுத்து இருவரும் 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை 13ஆம் வசனத்திலிருந்து வாசித்தோம். இறந்தவர்களை நினைத்துத் துக்கப்படுகிறவர்களுக்குப் பவுல் எழுதுகிறார். விமானமும் இல்லை, துணியும் இல்லை. 17ஐத் தாண்டி 18க்கு வந்தபோது என் குரல் தடுமாறியது. “ஆகையால், இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்.” அப்பாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எங்கள் போதகர் வாசித்த வசனம் அது. பத்து வயதில் என்னைத் தெருவில் ஓடவைத்ததும், அன்று அம்மாவை நிமிர்ந்து நிற்கவைத்ததும் ஒரே பகுதிதான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.