காப்பு நிலை காப்பாற்றாது

நீள்வாள் (இரு கைகளாலும் பிடிக்கும் பழைய ஐரோப்பிய வாள்) வகுப்பில் சேருபவர்கள் முதல் மாதத்திலேயே நான்கு காப்பு நிலைகளின் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்: ஒக்ஸ், ப்ளூக், ஆல்பர், ஃபொம் டாக். எருது, ஏர், மூடன். நான்காவதற்குப் பகல் என்பாரும் உண்டு, கூரை என்பாரும் உண்டு. லீக்டெனாவர் என்ற ஜெர்மன் வாள் ஆசானின் வழிவந்த 15ஆம் நூற்றாண்டுச் சுவடிகள் சொல்லும் நிலைகள் இவை. பெயர் தெரிந்ததும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் விரல்கள் நசுங்குகின்றன.

சென்ற மாதம் ஒரு மாணவர் ஏர் நிலையில் நின்றார். இடது கால் முன்னே, கைப்பிடி வலது இடுப்பருகே, முனை எதிராளியின் முகத்துக்கு நேராக. படத்தில் இருப்பதுபோலவே இருந்தது. எதிராளி நெருங்க நெருங்க, பயத்தில் அவர் கைகள் இடுப்பை விட்டு முன்னே நீண்டன, முனை வானத்தைப் பார்த்தது. நீள்வாளில் குறுக்குக் கம்பி மட்டும்தான் உண்டு, விரல்களை மூடும் கூடு கிடையாது. ஒரே வெட்டு. கனத்த கையுறைக்குள்ளும் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. "நான் காப்பு நிலையில்தானே நின்றேன்?" என்று கேட்டார்.

அவர் மீது பிழையில்லை, சொல் மீதுதான் பிழை. ஜெர்மானியர் இதை 'ஹூட்' என்றும் சொன்னார்கள், 'லேகர்' என்றும் சொன்னார்கள். முன்னது காவல், பின்னது தங்குமிடம். காப்பு என்றதும் நமக்குக் கேடயம் நினைவுக்கு வருகிறது. ஏர் நிலையில் கேடயம் எதுவும் இல்லை. முகத்துக்கு நேராக நிற்கும் முனைதான் எதிராளியைத் தயங்க வைக்கிறது. முனை விலகினால் ஏர் இல்லை, வெறும் கம்பிதான். அந்த மரபின் பாட்டே நான்கு நிலைகளையும் உடைக்க நான்கு வெட்டுகளைச் சொல்லித் தருகிறது.

எனக்குப் பிடித்தது மூடன். முனை தரையை நோக்கி இருக்கும், தலையும் தோளும் திறந்து கிடக்கும். ஏமாளி போல நின்று, வா என்று அழைக்கும் நிலை அது. 1410 வாக்கில் எழுதிய இத்தாலிய ஆசான் ஃபியோரேயிடமும் இப்படித் தாழ்ந்த நிலைகள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் காட்டுப்பன்றியின் பல். பன்றி கீழிருந்து மேலே குத்திக் கிழிப்பது போலத்தான் அந்த வாளும் எழும். நிற்கும் தோற்றத்தைவிட அடுத்து வரும் அசைவையே அந்தப் பெயர் சொல்கிறது. (1553இல் அக்ரிப்பா என்ற இன்னொரு இத்தாலியர் பெயர்களையே விட்டுவிட்டு எண்ணிட்டார். உறையிலிருந்து உருவியதும் கை இருக்கும் இடம்தான் 'முதல்' நிலை. எனக்கு எண்கள் நினைவில் நிற்பதில்லை.)

மேலிருந்து இறங்கும் வெட்டு கூரையில் தொடங்கி, ஏரைக் கடந்து, மூடனில் முடியும். ஆகவே நிலைகளை நான் இப்போது தனித்தனியாகக் கற்பிப்பதில்லை. ஒன்றில் ஒரு மூச்சு, உடனே அடுத்தது.

அந்த மாணவர் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். இப்போதும் ஏரில்தான் நிற்கிறார். கை முன்னே நகர்வது தெரிந்தால் மட்டும், யாரும் சொல்லாமலே மூடனுக்கு இறங்கிவிடுகிறார்.