இரைமீட்டற்பை நுண்ணங்கிகள்

பாலாடு வளர்ப்போருக்காக எழுதப்படும் கைந்நூல்களிலும் கட்டுரைகளிலும் ‘குடல் நுண்ணங்கிகள்’ என்ற தொடர் இப்போது அடிக்கடி தென்படுகிறது. மனிதரைப் பற்றிப் பேசும்போது அது பொருத்தமான தொடரே. மனித உடலில் இந்நுண்ணங்கிகளின் பெருந்தொகை வாழ்வது பெருங்குடலில். ஆட்டைப் பற்றி எழுதும்போதும் அதே தொடரை எடுத்தாண்டால் வாசகர் தவறான உறுப்பை நினைத்துக்கொள்வார். ஆடு தின்ற குழையின் பெரும்பகுதி, குடலை எட்டுவதற்கு முன்னரே, வயிற்றின் இடப்பக்கத்தை நிறைத்துக் கிடக்கும் பெரிய அறையொன்றில் நொதித்துச் சிதைந்துவிடுகிறது. அந்த அறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘றூமென்’.

றூமென் இலத்தீன் மொழிச்சொல். அம்மொழியில் அது முதலில் தொண்டையையும் உணவுக்குழலையும் குறித்தது. அதனோடு உறவுடைய ‘றூமினாறே’ என்ற வினை, விழுங்கிய இரையை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுவதையும், ஒன்றை மனத்துக்குள் திரும்பத் திரும்ப எண்ணுவதையும் ஒருங்கே குறித்தது. தமிழகத்தில் பெருவழக்கான ‘அசைபோடுதல்’ என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘ஆடு இரைமீட்குது’ என்போம். பழைய நினைவுகளை ‘இரைமீட்டிப் பார்த்தல்’ என்பதும் நம் எழுத்தில் வேரூன்றிய வழக்கு. ஒரு மொழி மற்றொன்றிடம் கடன் வாங்கியதாகக் கொள்ள வேண்டியதில்லை. கால்நடையோடு வாழ்ந்த இரு சமூகங்கள், ஒரே காட்சியைப் பார்த்து ஒரே பொருள்விரிவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தக் காட்சியை யாரும் பார்க்கலாம். மத்தியானத்தில் வேலியோரப் பூவரசின் நிழலில் படுத்திருக்கும் ஆட்டின் கழுத்தைக் கவனித்தால், ஓர் உருண்டை கீழிருந்து மேலேறுவது தோலுக்கு வெளியே தெரியும். தாடை பக்கவாட்டில் அசைந்து அசைந்து அரைக்கும்; பின்னர் விழுங்கும்; சிறிது நேரத்தில் அடுத்த உருண்டை ஏறும். இடப்பக்க விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் கையை மடக்கி அழுத்திப் பிடித்தால், நிமிடத்துக்கு ஓரிரு தடவை உள்ளே ஏதோ புரண்டு எழும்புவதைக் கை உணரும். றூமெனின் சுவர் சுருங்கி உள்ளிருப்பதைக் கலக்கும் அசைவு அது.

இனி நுண்ணங்கி என்ற சொல்லுக்கு வருவோம். ஐரோப்பிய மொழிகளில் ‘மைக்குறோப்’ என்ற சொல்லை 1878 இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செடிலோ முன்மொழிந்தார். சிறுமையையும் உயிரையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழகப் பாடநூல்கள் ‘நுண்ணுயிரி’ என்று எழுத, இலங்கைப் பாடநூல்களில் ‘நுண்ணங்கி’ நிலைபெற்றது. அங்கம் உடையது அங்கி. இரண்டும் நல்ல சொற்களே. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதிருந்தால் போதும். திருத்தவேண்டியது ‘குடல் தாவரங்கள்’ என்ற மொழிபெயர்ப்பைத்தான். பற்றீரியாக்களைத் தாவரங்களோடு சேர்த்து வகைப்படுத்திய காலத்தில் ஆங்கிலத்தில் ‘புளோறா’ என்று பெயரிட்டார்கள். அந்த வகைப்பாடு கைவிடப்பட்ட பின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களுடைய பழைய வழுவைத் தமிழில் புதிதாக நட்டு வளர்க்க வேண்டாம்.

றூமெனில் வாழ்பவை பற்றீரியாக்கள் மட்டுமல்ல. குறுயிழைகளை அசைத்து நீந்தும் ஒருகல உயிர்களான புரற்றோசோவாக்களை 1843 இல் குறூபியும் டெலாபோனும் கண்டு எழுதினர். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பங்கசுக்கள் அங்கே உண்டென்பதை 1975 இல் ஓர்ப்பின் நிறுவினார். அதற்கு முன்னர் அவற்றின் நீந்தும் வித்திகளைப் புரற்றோசோவா என்றே எண்ணியிருந்தார்கள். பற்றீரியா போலத் தோன்றினும் வேறு வகையைச் சேர்ந்த, மெதேன் வாயுவை உண்டாக்கும் ஆர்க்கியாக்களும் உள. ஆட்டின் உடல், குழையின் நாரிலுள்ள செலுலோசைச் சிதைக்கும் நொதியத்தைச் சுரப்பதில்லை. அந்த வேலை முழுவதும் இவற்றுடையது. சிதைவின் பயனாக அசற்றிக், புரொப்பியோனிக், பியூற்றிரிக் என்னும் அமிலங்கள் தோன்றி, றூமெனின் சுவர் வழியே குருதியிற் கலக்கின்றன. ஆட்டுக்குக் கிடைக்கும் சக்தியின் பெரும்பங்கு இவ்வமிலங்களிலிருந்தே வருகிறது. அசற்றிக்கமிலம் பாலின் கொழுப்புக்கு மூலப்பொருளாகிறது. புரொப்பியோனிக்கமிலம் ஈரலிற் குளுக்கோசாகி, மடியில் பாலின் சர்க்கரையான இலற்றோசாகிறது. குழையைக் குறைத்துத் தவிட்டையும் தானியத்தையும் கூட்டும்போது அசற்றிக்கமிலத்தின் பங்கு குறைவதே பாலின் கொழுப்பு இறங்குவதற்கு ஒரு காரணம். அத்தோடு, நுண்ணங்கிகளே, ஆட்டின் வயிற்றிலுள்ள நான்கு அறைகளில் இறுதியான நான்காம் அறைக்கும் சிறுகுடலுக்கும் அடித்துச் செல்லப்பட்டு, அங்கே சமிபாடடைந்து, ஆட்டின் புரதமாகின்றன.

கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றையோ பொங்கலையோ அன்போடு ஆட்டுக்கு அள்ளி வைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். மாப்பொருள் திடீரென்று மிகுந்தால், அதை விரைந்து நொதிக்கச் செய்யும் பற்றீரியாக்கள் பெருகி இலற்றிக்கமிலத்தைக் குவிக்கின்றன. நாரைச் சிதைப்பவை அவ்வமிலத்தில் மடிகின்றன. றூமெனின் அசைவு நின்று, இரைமீட்டலும் நின்றுவிடுகிறது. ஆடு ஒரே நாளிற் செத்துப்போகவும் கூடும். நம் ஊரில் இதையும் வாயு அடைபட்டு வயிறு ஊதுவதையும் சேர்த்துப் ‘பொருமல்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஏப்பமாக வெளியேற வேண்டிய வாயு தங்கி ஊதுவதற்கே பொருமல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, சோற்றால் வருவதை ‘அமிலமிகை’ என்று பிரித்துச் சொல்வது மருந்து கொடுப்பவருக்கும் உதவும்.

உணவுக்கும் நுண்ணங்கிக்கும் உள்ள பிணைப்பை விளக்க இபில் இபில் குழையை விடச் சிறந்த சான்று இல்லை. பிலிப்பைன்சிலிருந்து பெயரோடு வந்த இம்மரம், பூர்வீகத்தில் மத்திய அமெரிக்காவுக்குரியது. புரதம் நிறைந்த அதன் இலையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இதை மிகுதியாகத் தின்ற கால்நடைகளுக்கு மயிர் உதிர்ந்தது, கண்டக்கழலை கண்டது. ஹவாயிலுள்ள ஆடுகளுக்கோ எதுவும் நேரவில்லை. றேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஹவாய் ஆடுகளின் றூமென் நீரை அவுஸ்திரேலிய ஆடுகளுக்குச் செலுத்தியபோது அவையும் அந்நஞ்சைத் தாங்கின. அதற்குக் காரணமான பற்றீரியாவுக்கு 1992 இல் அவர் பெயரையே சேர்த்து ‘சினேர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை’ எனப் பெயரிட்டார்கள். இலையைத் தின்பது ஆடு என்றாலும், அந்த இலை உணவா நஞ்சா என்பதை அங்கே தீர்மானித்தது ஒரு நுண்ணங்கி.

இவ்வளவும் நடக்கும் அறைக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது? ‘முதலிரைப்பை’ என்று எழுதுவோர் உண்டு. எளிமையான சொல்தான்; ஆனால் வரிசை எண்ணைத் தவிர அது எதையும் சொல்லவில்லை. பால்குடிக்குட்டியில் அந்த எண்ணும் பொருந்தாது. குட்டி உறிஞ்சும் பால் றூமெனைத் தொடாமல், ஒரு மடிப்பு வழியாக நேரே நான்காம் அறைக்குப் போகிறது. சமிபாட்டு நீர் சுரக்கும் உண்மையான இரைப்பை அந்த நான்காவதே. ‘இரைமீட்பை’ என்று சுருக்கலாமெனின், அது ‘இரைமீட்பு’ என்பதன் இரண்டாம் வேற்றுமையாகவே வாசிக்கப்படும். மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்த 19ஆம் நூற்றாண்டிலிருந்து, மக்கள் வாயிலுள்ள சொல்லை அறிவியலுக்கு உயர்த்தும் மரபு நமக்கு இருக்கிறது. ஆடு வளர்ப்பவர் நாளும் சொல்லும் இரைமீட்டலிலிருந்து ‘இரைமீட்டற்பை’ என்று ஆக்குவதே அம்மரபுக்கு ஏற்றது என்பது என் துணிபு. இலத்தீனிலும் உறுப்பின் பெயரும் வினையும் ஒரே வேரைப் பகிர்கின்றன.

ஆகவே பாலாட்டைப் பொறுத்தவரை ‘இரைமீட்டற்பை நுண்ணங்கிகள்’ என்று எழுதலாம். ‘குடல் நுண்ணங்கிகள்’ என்ற தொடரை, ஆட்டின் குருட்டுக்குடலில் நடக்கும் சிறிய அளவிலான நொதித்தலுக்கும், குருட்டுக்குடலையே பெரிதும் நம்பியிருக்கும் முயல் போன்ற விலங்குகளுக்கும் ஒதுக்கிவிடலாம்.