வெண்பனி வேறு, உறைபனி வேறு

மார்ச் பிறந்தால் போதும், அமெரிக்கா, கனடா வானிலையைத் தமிழில் சொல்லும் இடங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "வெப்பம் அதிகரிப்பதால் உறைபனி உருகத் தொடங்கும்." ஆங்கிலக்காரர்கள் ஸ்னோமெல்ட் என்று சொல்வதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த தமிழ் இது. இதில் உறைபனி முழுத் தப்பு, வெப்பம் பாதித் தப்பு.

ஸ்னோமெல்ட் என்பதற்கு இரண்டு பொருள். தரையில் குவிந்து கிடக்கும் ஸ்னோ உருகுவது ஒன்று, உருகி ஓடும் தண்ணீர் இன்னொன்று. நம்மிடம் இருப்பது பனி. பனித்தல் என்றால் குளிர்தல், நடுங்குதல், ஈரம் கசிதல். கண்கள் பனித்தன என்கிறோமே, அதுதான். கன்னடத்தில் ஹனி என்றால் துளி. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஆக, குளிரும் துளியும் சேர்ந்த சொல். வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழுவதைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அப்புறம் புல்லில் இருக்கும் துளி, சாலையை மறைக்கும் மூட்டம், ஸ்னோ, ஐஸ் எல்லாவற்றையும் இதன் தலையிலேயே கட்டிவிட்டோம். மார்கழியில் சென்னையில் மூடுபனி இறங்கினாலும் "கடும் பனிப்பொழிவு" என்றுதான் செய்தி வருகிறது.

சரி, உறைபனிக்கு வருவோம். இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே சொந்த வீடு இருக்கிறது. டிசம்பர், ஜனவரி காலையில் உதகைப் பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும், நிறுத்தி வைத்த கார் கூரையில் நகத்தால் சுரண்டினால் தூள் தூளாக வரும், தேயிலைக் கொழுந்து கருகிவிடும். அதுதான் உறைபனி. அது மேலேயிருந்து விழுவதில்லை. காற்றிலுள்ள ஈரம், சில்லிட்டுப்போன புல்லின் மேலும் தகரத்தின் மேலும் அங்கேயே உறைந்து படிகிறது. வெயில் ஏறினால் சற்று நேரத்தில் காணாமல் போய்விடும். ஸ்னோ மேகத்துக்குள் உருவாகி விழுவது. மாதக்கணக்கில் குவிந்து, ஆள் உயரத்துக்கும் நிற்கும். பிறப்பும் வேறு, ஆயுளும் வேறு.

"ஸ்னோவும் உறைந்ததுதானே, உறைபனி என்றால் என்ன குறைச்சல்?" என்று கேட்பார்கள். அப்படிப் பார்த்தால் ஆலங்கட்டியும் உறைந்ததுதான், குளிர்பெட்டியில் இருக்கும் ஐஸும் உறைந்ததுதான். உறைந்ததையெல்லாம் உறைபனி என்றால் அந்தச் சொல் எதற்கும் உதவாது. இன்னொரு சிக்கல், ஸ்னோவுக்கு இதைக் கொடுத்துவிட்டால் உதகைக்காரர்களுக்கு என்ன மிச்சம்? வடநாடுகளில் மார்ச் மாதம் பகலில் ஸ்னோ உருகும், இரவில் புல்லில் உறைபனி படியும். இரண்டும் ஒரே அறிவிப்பில் வரும். "பகலில் உறைபனி உருகும், இரவில் உறைபனி உருவாகும்" என்று எழுதினால் படிப்பவர் என்னதான் நினைப்பார்?

இது வெறும் சொல் சண்டை இல்லை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ரெட் ஆற்றங்கரையில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்று ஒரு ஊர். 1996–97 குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் பனிப்புயல்கள் அடுத்தடுத்து வீசி ஸ்னோ குவிந்தது. ஆறு 49 அடி வரை ஏறலாம் என்று வானிலைத் துறை சொன்னது. 1997 ஏப்ரலில் 54 அடியைத் தாண்டியது. கரைகள் நிற்கவில்லை, ஊர் ஏறக்குறைய முழுவதும் காலி செய்யப்பட்டது. இந்த ஆறு தெற்கிலிருந்து வடக்கே கனடாவின் வின்னிபெக் நகரை நோக்கி ஓடுகிறது. அதனால் தெற்கில் முதலில் உருகும் தண்ணீர், வடக்கே இன்னும் ஐஸ் மூடிய ஆற்றில் போய் முட்டும். அடியில் மண் உறைந்து கிடந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் அப்படியே ஓடிவரும். தரைக்கு மேல் ஸ்னோ, ஆற்றின் மேல் ஐஸ், தரைக்குள் உறைந்த மண் என்று மூன்றையும் தனித்தனியே சொன்னால்தான் வெள்ள எச்சரிக்கைக்கு அர்த்தம் உண்டு. மூன்றுக்கும் உறைபனி என்று எழுதினால் எதைக் கண்டு பயப்படுவது?

என் தேர்வு: ஸ்னோவுக்கு வெண்பனி. மூடுபனியும் வெள்ளைதானே என்பார்கள். அதற்குத்தான் மூடுபனி என்ற பெயர் இருக்கிறதே. உருகும் செயல் வெண்பனி உருகல். உருகி ஓடும் தண்ணீர் உருகுநீர். ஊறுகாய் போல இது வினைத்தொகை. உருகிய நீர், உருகுகின்ற நீர், உருகப்போகும் நீர் மூன்றும் அதற்குள் அடக்கம். வருமுன் சொல்லும் வானிலை அறிவிப்புக்கு இதைவிடத் தோதான சொல் கிடையாது. சிலர் பனிநீர் என்று எழுதுகிறார்கள். அது கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீரின் மூலச் சொல். "பனிநீர் வெள்ளம்" என்றால் ஊரே மணக்கும்.

பேச்சில் கனடாத் தமிழர் ஸ்னோ என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை, தப்பான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல். என் கோபமெல்லாம் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான். ஆங்கில அவுட்லுக்கை, பருவ முன்கணிப்பு என்று சொல்ல வேண்டியதை, "வானிலைக் கண்ணோட்டம்" என்கிறார்கள். கண்ணோட்டம் பார்ப்பவருடையது, வானிலைக்கு ஏது கண்ணோட்டம்? கழித்தல் 12 பாகையிலிருந்து கழித்தல் 3க்கு வந்தால் "வெப்பம் அதிகரிக்கும்" என்கிறார்கள். குளிர் தணியும் என்று சொன்னால் கை வலிக்குமா? மார்ச் மாதத்தை "இளவேனில் தொடக்கம்" என்பது இதற்கெல்லாம் மேல். இளவேனில் நமக்குச் சித்திரையும் வைகாசியும், அதிலுள்ள வேனில் வெயிலைச் சொல்வது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். தொல்காப்பியம் தந்த பெயர். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, வெண்பனி உருகும் நாட்களோடு ஏறக்குறையப் பொருந்துகிறது. நம் பனி வேறு, அவர்கள் பனி வேறு என்றாலும் காலக்கணக்கு ஒத்துப்போகிறதே. மார்ச் மாதம் வின்னிபெக்கின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே. அங்கே இளவேனில் வந்துவிட்டது என்று எழுதுகிறவர், அரைக்கைச் சட்டையோடு ஒரு தெருவைக் கடந்து பார்க்கட்டும்.