நினைவு இருந்ததா?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்குப் போய் நோயாளியைப் பார்ப்பது மயக்க மருத்துவர்களான எங்கள் வழக்கம். வாயைத் திறக்கச் சொல்வோம். ஆடும் பல் இருக்கிறதா என்று பார்ப்போம். சர்க்கரை, பிரஷர், இழுப்பு, குடிப்பழக்கம் எல்லாம் விசாரிப்போம். கடைசியில் "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும்: "எனக்கு நினைவு இருக்குமா டாக்டர்?"

"இருக்காதும்மா" என்று பல வருடம் சட்டென்று பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதை ஒரு தாய்தான் எனக்குப் புரியவைத்தார்.

நள்ளிரவில் வந்த அவசர சிசேரியன் அது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்யும் நிலைமையில் அவர் இல்லை; முழு மயக்கம் கொடுத்தேன். தாயும் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. மறுநாள் காலை போய் நின்றபோது அவர் கேட்டார்: "யாரோ 'அழல, இன்னும் அழல'ன்னு சொன்னாங்களே, அது நீங்களா டாக்டர்?"

பக்கத்தில் இருந்த மாமியார், "மயக்கத்துல கனா கண்டிருக்கா" என்றார். நர்ஸும் ஆமாம் என்று தலையாட்டினார். ஆனால் குழந்தை உடனே அழவில்லை என்பதும், அந்த வார்த்தைகளைச் சொன்னது நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். உட்கார்ந்து கேட்டேன். "வலி பெருசா தெரியல. உள்ள இழுக்கிற மாதிரி இருந்துச்சு. கண்ணத் தொறக்கப் பாத்தேன், வெரல அசைக்கப் பாத்தேன், எதுவும் அசையல. செத்துட்டேன்னு நெனச்சேன்."

அறைக்குத் திரும்பி முந்தைய இரவின் மயக்கக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நாடித்துடிப்பு கூடியிருந்தது. அவ்வளவு ரத்தம் போனால் யாருக்கும் கூடும். ரத்த அழுத்தம், ஆக்சிஜன், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு என எல்லா எண்களும் இருந்தன. ஒரு மனுஷி உள்ளே விழித்துக்கொண்டு செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு தடயமும் இல்லை.

ஆபரேஷனின்போது நோயாளி அசையாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தசைத்தளர்வு மருந்து. 1942-ல் கனடாவின் மாண்ட்ரியாலில் ஹெரால்டு கிரிஃபித் என்ற மயக்க மருத்துவர் குராரே என்ற தசைத்தளர்வு மருந்தை மயக்கத்துடன் சேர்த்துப் பயன்படுத்திக் காட்டிய பிறகு இந்த வகை மருந்துகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் நிலைத்துவிட்டன. குராரே கொடுத்தால் உணர்வும் போய்விடுமா என்ற சந்தேகம் அப்போது இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர் தன் உடம்பிலேயே அதை ஏற்றிக்கொண்டு சோதித்தார். இமைகூட அசையவில்லை, மூச்சை மற்றவர்கள்தான் கொடுத்தார்கள். மருந்தின் வேகம் தணிந்து பேச முடிந்ததும், நடந்த எல்லாமே தனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது என்றார். 1947-ல் அந்த ஆய்வு வெளியானது. அவர் எழுந்து வாயால் சொன்ன பிறகுதான் உலகத்துக்கு அது தெரிந்தது.

வாயால் சொல்ல முடியாதவர்களின் கதி வேறு. 1980-கள் வரை, குறைமாதக் குழந்தைகளுக்குச் சரியான வலிமருந்து இல்லாமல், தசைத்தளர்வு மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற லேசான மயக்க வாயுவும் மட்டும் கொடுத்து இதய ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்தது உண்டு. அவ்வளவு சின்ன நரம்புமண்டலத்துக்கு வலி தெரியாது என்று நம்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கன்வல்ஜீத் ஆனந்தும் உடன் பணியாற்றியவர்களும் வலிமருந்து சேர்த்துக் கொடுத்த குழந்தைகளோடு ஒப்பிட்டு, 1987-ல் ஆய்வை வெளியிட்டார்கள். வலிமருந்து பெற்ற குழந்தைகளின் உடல் ஆபரேஷனை மிக எளிதாகத் தாங்கியிருந்தது. என் தொழிலின் வரலாற்றில் என்னால் அமைதியாகப் படிக்க முடியாத பக்கம் இது.

"தனக்கு வந்தால் தெரியும் தலைவலியும் காய்ச்சலும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். காய்ச்சல் விஷயத்தில் அது முழுக்கச் சரியில்லை, தெர்மாமீட்டர் வைத்தால் எனக்கும் தெரிந்துவிடும். தலைவலிக்குத்தான் அப்படி ஒரு கருவி கிடையாது. 1974-ல் தாமஸ் நாகெல் என்ற தத்துவ அறிஞர், ஒரு வௌவாலாக இருப்பது அந்த வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். அதன் காதையும் மூளையையும் எவ்வளவு ஆராய்ந்தாலும் அந்த 'எப்படி' நம் கைக்கு வராது என்பது அவர் வாதம். 1995-ல் டேவிட் சால்மர்ஸ் இதற்குக் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தார். மூளை எப்படிப் பார்க்கிறது, எப்படி நினைவில் சேமிக்கிறது, எப்படிக் கையை அசைக்கிறது என்பவை உழைத்தால் விடை கிடைக்கக்கூடியவை. இத்தனை நரம்பணுக்கள் மின்துடிப்பு விடும்போது உள்ளே ஒருவருக்கு வலிப்பது ஏன், இருட்டாகவே நடந்து முடிந்துவிடாதது ஏன் என்பதற்கு விடை இல்லை. தத்துவ வகுப்புக்கான கேள்வி என்று இதை ஒதுக்க என்னால் முடியாது. தினமும் காலை எட்டு மணிக்கு இந்தக் கேள்வியோடுதான் தியேட்டருக்குள் போகிறேன்.

நாங்கள் மயக்க வாயுவை அளக்கும் அலகையே பாருங்கள். தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்க எவ்வளவு செறிவு வேண்டுமோ அதுதான் அளவுகோல். அந்த அசைவைத் தடுக்க மயக்க வாயு பெரும்பாலும் வேலைசெய்வது மூளையில் அல்ல, தண்டுவடத்தில்தான் என்று 1990-களில் விலங்கு ஆய்வுகளில் தெரிந்தது. அதாவது இந்த அளவுகோல் அசைவை அளக்கிறது. நெற்றியில் பட்டை ஒட்டி மூளையின் மின்அலைகளை 0 முதல் 100 வரை எண்ணாக்கிக் காட்டும் கருவியும் உண்டு. 40 முதல் 60 வரை இருந்தால் போதுமான மயக்கம் என்பது கணக்கு. 2015-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், முழு விழிப்பில் இருந்த 10 தன்னார்வலர்களுக்குத் தசைத்தளர்வு மருந்தை மட்டும் கொடுத்தார்கள். எண் 60-க்குக் கீழே இறங்கியது, அவர்களோ விழித்தே இருந்தார்கள். அந்தக் கருவி பயனுள்ளது, நான் பயன்படுத்துகிறேன். ஆனாலும் எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவதில்லை.

இன்னொரு சோதனை இருக்கிறது. தளர்வு மருந்து கொடுக்கும் முன் ஒரு முன்கையில் பட்டையை இறுக்கிவிட்டால் அந்தக் கைக்கு மட்டும் மருந்து போகாது. மயக்கத்தில் இருப்பவரிடம் "என் கையை அழுத்துங்க" என்று சொல்ல வேண்டும். 18 முதல் 40 வயதுக்காரர்களிடம் செய்து 2023-ல் வெளியான ஆய்வில் பத்தில் ஒருவர் அழுத்தினார்! எழுந்த பிறகு அவர்களுக்கு அநேகமாக எதுவும் ஞாபகமில்லை.

இங்கேதான் நம் தமிழ்ச் சொல் என்னை உலுக்குகிறது. 'நினைவு தப்பிருச்சு' என்றால் உணர்வு போனது. 'நினைவில்லை' என்றால் மறந்துபோனது. அந்த ஆய்வில் கையை அழுத்தியவர்களுக்கு முதல் நினைவு இருந்தது, இரண்டாவது இல்லை. வலித்து, பிறகு சுத்தமாக மறந்துபோன வலி, வலிதானா? சக மருத்துவர்கள் சிலர் தோளைக் குலுக்குவார்கள். வலிதான் என்பது என் பதில். வலித்த அந்த நிமிஷத்தில் அங்கே ஒருவர் இருந்தார்.

பயந்துவிடாதீர்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், முழு மயக்கத்தின்போது விழிப்பு வந்ததாக நோயாளிகளே சொன்னது ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவர்தான். முழு மயக்கத்தில் நடக்கும் சிசேரியனில் மட்டும் அது சுமார் 670-க்கு ஒருவர். குழந்தைக்கு மருந்து போய்விடுமே என்று அளவைச் சிக்கனமாக வைக்கிறோம், எல்லாம் அவசரத்தில் நடக்கிறது. அதே கணக்கெடுப்பில், வலியைவிட உடல் அசையாமல் போனதுதான் பலரைப் பின்னால் துன்புறுத்தியது. யாராவது நம்பி, நடந்ததை விளக்கிச் சொன்னால் அந்தத் துன்பம் குறைகிறது என்பதும் அதில் தெரியவந்தது.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இது. முன்பு ஒருமுறை ஆபரேஷனில் விழிப்பு வந்திருந்தால், குடிப்பழக்கமோ தூக்க மாத்திரைப் பழக்கமோ இருந்தால், கூச்சப்படாமல் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் பேச்சுக் குரல் கேட்பது இயல்பு, அதை நினைத்துக் கலங்க வேண்டாம். முழு மயக்கத்தில் ஏதாவது கேட்டது, உணர்ந்தது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், "கனா" என்று அடக்கிவிடாதீர்கள். அவர் சொல்வதைத் தவிர எங்களுக்கு வேறு சாட்சி இல்லை. தூக்கம் கெடுகிறது, திடுக்கிட்டு விழிக்கிறார் என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இப்போதெல்லாம் தியேட்டரில் மயங்கியிருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தே பேசுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆரம்பிக்கப் போகிறோம் என்கிறேன்.

அந்தத் தாய் மூன்று வருடம் கழித்து இரண்டாவது பிரசவத்துக்கு வந்தார். இந்த முறை அவகாசம் இருந்தது, முதுகில் ஊசி போட்டோம். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம், அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இப்போ உள்ள இழுக்கிற மாதிரி இருக்கும்மா" என்றேன்.

"தெரியும் டாக்டர்" என்றார்.