மூன்று மில்லிமீட்டர் புல்

கோல்ஃப் மைதானத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் வழவழப்பான பரப்பை ‘கிரீன்’ என்பார்கள். அங்கே புல்லின் உயரம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான். வெப்பமான ஊர்களில் அது பெரும்பாலும் நம் அருகம்புல்லை அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றோடு கலந்து உருவாக்கிய ரகம். குளிர்ந்த ஊர்களில் பென்ட் புல். எதுவானாலும் தினமும் தலையை வெட்டிக்கொண்டே இருந்தால் உணவு தயாரிக்க இலை எங்கே மிஞ்சும்? வேர் ஆழம் போகாது, சேமிப்பு கரையும். தெரிந்தே அரைப்பட்டினி போட்டு வளர்க்கும் பயிர் அது. நோய் வராவிட்டால்தான் வியப்பு.

அமெரிக்காவில் பென்ட் புல் கிரீன்களைப் படுத்தியெடுக்கும் நோய் ‘டாலர் ஸ்பாட்’. பழைய வெள்ளி டாலர் அளவுக்கு வட்டம் வட்டமாகப் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறும். விடியற்காலையில் குனிந்து பார்த்தால் அந்த வட்டத்தின் மேல் சிலந்தி வலைபோல வெள்ளை இழை படர்ந்திருக்கும். வெயில் ஏறிப் பனி உலர்ந்ததும் இழை கண்ணுக்குத் தெரியாது. பத்து மணிக்கு வந்து பார்க்கிறவர் உரம் பட்டுக் கருகியது என்றுதான் நினைப்பார். நோய்க்குக் காரணமான பூஞ்சையின் இழை அது. இந்தப் பூஞ்சை வித்துத் தூவிப் பரவுவது அரிது. புல்வெட்டும் எந்திரத்திலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு இடம் மாறும்.

காலையில் புல்மேல் நிற்கும் ஈரம் எல்லாமே பனி அல்ல. இரவில் வேரின் அழுத்தத்தால் இலைநுனியில் கசியும் நீரும் அதில் உண்டு. அதில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கலந்திருக்கும். பூஞ்சைக்குத் தண்ணீரும் சாப்பாடும் ஒரே துளியில். அதனால்தான் நீண்ட மூங்கில் கழியால் கிரீனை வீசித் துளிகளை உதறும் பழக்கம் வந்தது. விடிந்ததும் புல் வெட்டினாலும் அதே பலன். தழைச்சத்தை மிகவும் குறைத்தால் இந்த நோய் கூடும். அள்ளிக் கொட்டினால் வேறு நோய்கள் வரும், பந்தின் ஓட்டமும் மந்தமாகும்.

பூச்சிகளில் புளோரிடா பக்கத்துப் பெரிய தலைவலி, தென் அமெரிக்காவிலிருந்து வந்தேறிய பிள்ளைப்பூச்சி. மண்ணுக்குள் எத்தனை இருக்கின்றன என்று அறிய, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுவார்கள். சில நிமிடங்களில் அவை எரிச்சல் தாங்காமல் மேலே ஏறிவரும். எண்ணிப் பார்த்த பிறகுதான் மருந்தா வேண்டாமா என்ற பேச்சு. புளோரிடா பல்கலைக்கழகத்தார் அதன் சொந்த மண்ணிலிருந்தே லாரா என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி கொட்டிப் பூச்சியைச் சற்று நேரம் மயக்கி, அதன் உடலில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். மயக்கம் தெளிந்து மண்ணுக்குள் திரும்பும் பிள்ளைப்பூச்சி, தன்னைத் தின்னப்போகும் புழுவையும் கூடவே சுமந்து போகிறது.

டாலர் ஸ்பாட்டுக்கு அப்படி ஒரு குளவி கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் பாதரசம், காட்மியம் கலந்த மருந்துகளையே தெளித்தார்கள். பின்னால் வந்த மருந்துகள் பலவற்றுக்கும் பூஞ்சை பழகிக்கொண்டது. இப்போது ஐந்து நாள் வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டின் சராசரியைக் கொண்டு நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் ஸ்மித்-கெர்ன்ஸ் கணக்கு இருக்கிறது. பலர் அது 20 சதவீதத்தைத் தொட்டால்தான் மருந்தை எடுக்கிறார்கள். காலண்டரைப் பார்த்துத் தெளிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது தனிக் கலை. செடியை நீளச் செய்யும் ஹார்மோன் ஜிப்ரலின். நெல்நாற்றை நெட்டையாக வளர்த்துச் சாய்க்கும் நோயை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி குரோசவா, அதற்குப் பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று 1926இல் காட்டினார். ஜிப்ரலின் வெளிப்பட்டது அந்த வழியில்தான். புல்லுக்குள் அதன் உற்பத்தியைத் தடுத்தால் இலை நீளாது, புல் அடர்ந்து குட்டையாக நிற்கும். டிரினெக்ஸபேக்-எதில் என்ற மருந்து அப்படி வேலை செய்கிறது. அதன் வீரியம் எப்போது தீரும் என்பதை வெயில்தான் தீர்மானிக்கிறது. நாள்தோறும் சராசரி வெப்பநிலையைச் செல்சியஸில் கூட்டிக்கொண்டே வந்து, 200 ஆனதும் மறுபடி தெளிக்க வேண்டும் என்பது பென்ட் புல் கிரீன்களுக்கு விஸ்கான்சின் ஆய்வாளர்கள் கண்ட கணக்கு. சராசரி 15 பாகை என்றால் சுமார் 13 நாள். 25 பாகை என்றால் எட்டே நாள். தவறவிட்டால் அடக்கிவைத்த புல், மருந்தே படாத புல்லைவிட வேகமாகக் கிளம்பும்.

இன்னொரு மருந்து பேக்லோபியூட்ரசால். மாந்தோப்புக்காரர்களுக்கு இது கல்டார் என்ற பெயரில் பழக்கம். இது டிரையசோல் என்ற வேதிப்பொருள் குடும்பம். பூஞ்சைக்கொல்லிகள் பலவும் அதே குடும்பம். பூஞ்சை தன் செல்சவ்வுக்கான எர்கோஸ்டிராலைத் தயாரிக்கும் நொதியும், புல் ஜிப்ரலின் தயாரிக்கும் நொதிகளில் ஒன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை. டிரையசோல் முடக்குவது அந்த வகையைத்தான். ஆகவே பேக்லோபியூட்ரசால் டாலர் ஸ்பாட்டையும் ஓரளவு அடக்குகிறது. டிரையசோல் பூஞ்சைக்கொல்லி புல்லின் வளர்ச்சியையும் இறுக்குகிறது. கோடையில் இரண்டையும் தனித்தனிக் கணக்காக நினைத்து அடுத்தடுத்துத் தெளித்தால் புல் நீலம் பாய்ந்து, முரடாகி, அப்படியே நின்றுவிடும். அந்த நேரத்தில் நோய் வந்தால் பழுத்த இலையைத் தள்ளிவிட்டுப் புது இலை விடவும் அதற்குத் தெம்பு இருக்காது.