நிழல் நுனி எட்டாத மத்தியானம்

2019 டிசம்பர் 26, மத்தியானம் ஒன்றரைக்குச் சற்று முன்னால் சிங்கப்பூரின் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் நடைபாதையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் குட்டிக் குட்டி வளையங்களாக மாறின. இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, நடுவில் ஓட்டையான சூரியனைத் தரையில் படம் பிடித்துக் காட்டின. அன்றைய வளையச் சூரிய கிரகணம் அது; காலையில் கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாக வந்த அதே நிழல்தான்!

சந்திரன் சூரியனுக்கு நேர் குறுக்கே நின்றும் ஏன் இருட்டவில்லை? சந்திரன் அன்று கொஞ்சம் தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

சூரியன் சந்திரனைவிட சுமார் 400 மடங்கு அகலம். தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. இது தற்செயல்; அதுவும் நூலிழைத் தற்செயல். சந்திரனின் கருநிழல், அதாவது சூரியன் முழுதாக மறையும் நிழல், சீவிய பென்சில் முனைபோலக் குறுகிக்கொண்டே வந்து சுமார் 3,75,000 கி.மீ. தொலைவில் முடிந்துவிடும். சந்திரனின் சராசரி தூரமோ 3,84,400 கி.மீ. அது பூமியின் மையம்வரை உள்ள தூரம்; பூமியின் ஆரத்தைக் கழித்தாலும் நுனி சில ஆயிரம் கி.மீ. முன்னாலேயே தீர்ந்துபோகிறது. நல்லவேளையாகச் சந்திரனின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம். சில நேரம் 3,57,000 கி.மீ. வரை நெருங்கி வரும். அப்படி நெருங்கியிருக்கும்போது கிரகணம் வாய்த்தால்தான் நுனி தரையைத் தொடும். எட்டாவிட்டால் 2019இல் பார்த்த வளையம்தான்.

அமாவாசைதோறும் ஏன் கிரகணம் இல்லை என்பது இன்னொரு கேள்வி. சந்திரனின் பாதை பூமியின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. சூரியனின் தோற்ற அகலம் அரை டிகிரிதான். ஆகவே சந்திரன் பத்துச் சூரியன் அளவுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விட முடியும். இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. பாம்புக் கதையை விட்டுவிடுங்கள், கணக்கு சரியானது. சூரியன் அந்தப் புள்ளிகளில் ஒன்றை நெருங்குவது சுமார் 173 நாளுக்கு ஒருமுறை. அந்தச் சமயத்து அமாவாசையில்தான் சூரிய கிரகணம்.

முழுக் கிரகணம் உலகில் எங்காவது ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருக்கிறது. அரிதாவது நம் ஊருக்குத்தான். நிழல் நுனி வரையும் பட்டை பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கி.மீ. அகலம், அதிலும் பெரும்பகுதி கடல்மேல் போய்விடும். ஒரே இடத்துக்கு அது மறுபடி வர சராசரியாக 375 ஆண்டு ஆகும் என்பது கணக்கு.

2016 மார்ச் 9 இதற்கு நல்ல சாட்சி. அன்று சந்திரன் கிட்டத்தில் இருந்தது, நுனியும் தரையைத் தொட்டது. ஆனால் தொட்டது சிங்கப்பூருக்குச் சுமார் 500 கி.மீ. தெற்கே, சுமத்ராவின் பலெம்பாங்கில். சிங்கப்பூரில் காலை எட்டரை மணிவாக்கில் சூரியன் 87 விழுக்காடு மறைந்தும் பகல் பகலாகவே இருந்தது. மீதி 13 விழுக்காடே கண்ணைக் கூசவைக்கப் போதும். “87 பார்த்தாச்சு, 100 மட்டும் என்ன பெரிசு?” என்பவர்களுக்கு என் பதில்: சூரியனைச் சுற்றிப் பூக்கும் வெண்ணிற ஒளிமுடி 99இலும் தெரியாது.

சிங்கப்பூரில் அடுத்த வளையக் கிரகணம் 2063இல். அதுவரை பொறுமையில்லாதவர்கள் 2028 ஜூலை 22ஆம் தேதி சிட்னிக்குப் போகலாம். அங்கே பிற்பகலில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் முழு இருட்டு. ஜூலை அங்கே குளிர்காலம், ஸ்வெட்டர் அவசியம்.